வாசல் கணக்கு

எங்கள் ஜெர்மனியில் ஏழு எழுதினால்
அதன் இடுப்பில் குறுக்கே ஒரு கோடு இழுப்போம்.
"அந்தக் கோட்டை விட்டுவிடு, ரைன்ஹோல்ட்,
ஏழும் ஒன்றும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கட்டும்"
என்றார் அலோஷியஸ் ஹானிஃபின்.
விட்டேன். வேலை கிடைத்தது.

அந்த இடம் அப்போது வெறும் சேற்றுக்குட்டை.
கட்சி அதை ஒரு விதவையிடம் வாங்கி
கட்சியின் மச்சானுக்கு விற்க,
மச்சான் ஹானிஃபினுக்குக் குத்தகைக்கு விட்டான்.
நகராட்சி வண்டிகள் ராத்திரியில் வந்து
ட்ராய் நகரத்து அடுப்புச் சாம்பலையெல்லாம் கொட்டி மேடாக்கின.
ஏப்ரலில் அதன்மேல் புல்.
சறுக்கிப் போய் இரண்டாம் தளத்தைத் தொட்டவன்
எழும்போது பாதி வெள்ளை, பாதி கரி.
காலருக்குக் கஞ்சி போடும் பெண்கள்
பலகையில் உட்கார்ந்து சிரிப்பார்கள்.
திங்கட்கிழமை அந்தச் சட்டை
அவர்கள் கைக்குத்தான் வரும்.

டிராம் பாதையும் வளைந்து வந்து வாசலில் நின்றது.
ஏன் வளைந்தது என்று தண்டவாளத்துக்குத் தெரியாது.
பங்குப் பத்திரத்துக்குத் தெரியும்.

சனிக்கிழமை நான் மைதான வாசலில் ஆள் எண்ணினேன்.
வெளியூர் அணிக்கு வசூலில் பங்கு உண்டு,
ஆகவே நாலாயிரம் பேர் என் பேனாவழி இறங்கும்போது
இரண்டாயிரத்து எழுநூறு.
நவம்பரில் வாக்குச்சாவடி வாசல்.
அதே ஆட்கள், அதே தொப்பி, அதே புகையிலை நெடி.
நானூறு பேர் ஆயிரத்து நூறானார்கள்.
கல்லறையில் படுத்திருந்தவர்களும்
மழையென்றும் பாராமல் எழுந்து வந்தார்கள்,
அகரவரிசையில்.

ஆட்டத்தை அவர் பார்த்ததே இல்லை.
மைதானத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்து
ஜனங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்.
மட்டையில் பந்து பட்ட சத்தத்துக்கு
எந்த வரிசை முதலில் எழுகிறது,
எவன் எழவில்லை, ஏன்.
எழாதவன் வீட்டுக்கு மறுநாள்
அரை மூட்டை நிலக்கரி போகும்.

டெனிஸ் குவில்டிக்குப் பந்து பட்டு மூன்று விரல் ஒடிந்தபோது
"தெருவிளக்கு ஆய்வாளர்" என்று ஒரு பதவி முளைத்தது.
சாயங்காலம் அண்ணாந்து பார்க்க வேண்டும்,
எரிகிறது என்று எழுத வேண்டும்.
ஒடிந்த கையாலேயே எழுதினான்.
ஹானிஃபினைத் திருடன் என்று எழுதச் சொன்னால்
எழுதுவேன்.
பக்கத்து வரியில் இதையும் எழுதுவேன்.

எபனேசர் தோர்ப் ஆற்றுக்கு அந்தப்புறம்
போட்டியாக ஒரு மைதானம் கட்டினார்.
நகரசபை கூடிற்று. ஒரு புதுத் தெரு தேவைப்பட்டது.
அது நேராக தோர்ப்பின் பந்துவீச்சு மேட்டில் ஏறி இறங்கியது.
அன்றிரவு ஹானிஃபின் எல்லோருக்கும் சிப்பி வாங்கிக்கொடுத்தார்.

பிறகு நல்லவர்கள் ஜெயித்தார்கள்,
மடிப்புக் கலையாத காலர்களோடு.
மார்ச் மாதக் காலை ஒன்றில் பொறியாளர் ஒருவன்
முக்காலியை எங்கள் இரண்டாம் தளத்தில் நட்டு
ஒற்றைக் கண்ணை மூடினான்.
ஹானிஃபின் வேலியோரம் நின்று
"நல்ல தெரு. சாம்பல்மேல் கல் நிற்காது,
மூன்றடி தோண்டச் சொல்" என்றார்.
அவன் கேட்கவில்லை. இன்றும் அந்த இடத்தில்
வண்டி ஒரு குலுங்கு குலுங்கும்.

மதுக்கடை மாடியில் செத்தார், கடனோடு.
சவ ஊர்வலத்தின் பின்னால் நடந்தபடி
பழக்கதோஷத்தில் எண்ணினேன்.
கூட்டு என்றோ குறை என்றோ சொல்ல ஆளில்லை.
நாற்பத்தேழு.
வீட்டுக்கு வந்து சிட்டையில் எழுதி
ஏழின் இடுப்பில் கோடு இழுத்தேன்.

பட்டப்பகலில் ஒரு விளக்குக் கம்பத்தடியில்
அண்ணாந்தபடி நின்றிருந்தான் குவில்டி.
அவனைச் சேர்த்தேனா, இல்லையா?